கையொப்பம் தேவையில்லை

கடையில் அட்டை மூலம் பணம் செலுத்தியபின் கருவியிலிருந்து வெளிவரும் சீட்டில், வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்துப் பையில் போட்டுக்கொள்கின்றனர். அச்சீட்டின் அடிப்பகுதியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். பின் எண் சரிபார்க்கப்பட்டது, கையொப்பம் தேவையில்லை என்பது அதன் பொருள். யாரும் படிக்காத வரிதான். ஆயினும், அட்டையைப் பிறர் பயன்படுத்திப் பணம் போய்விட்டது என்று ஒருவர் கிளைக்கு வந்து நிற்கும்போது, முதலில் எழும் கேள்விகளுள் ஒன்று அவ்வரி சார்ந்தது: அந்தப் பரிவர்த்தனையில் பின் எண் பதியப்பட்டதா, இல்லையா? இழப்பு யாரைச் சேரும் என்பது பெரும்பாலும் இதைப் பொறுத்தே அமைகிறது.

கையொப்பத்தின் காலத்தை நினைவில் வைத்திருப்போர் இன்னும் பலர் உள்ளனர். அட்டையில் எண்கள் புடைப்பாக இருந்தன. கடைக்காரர் அட்டையை ஒரு தட்டில் வைத்து, மேலே மைநகல் தாளோடு கூடிய சீட்டைப் பரப்பி, கைப்பிடியை இப்பக்கமும் அப்பக்கமும் இழுப்பார். எண்கள் சீட்டில் பதியும். வாடிக்கையாளர் கையொப்பமிடுவார். அட்டையின் பின்புறத்துக் கையொப்பத்தோடு அதனைக் கடைக்காரர் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். காந்தப் பட்டை வந்து, அட்டையைக் கருவியில் தேய்க்கும் வழக்கம் தோன்றிய பின்னரும் கையொப்பமே ஒப்புதலாக நீடித்தது. இன்று எவரும் அட்டையைத் தேய்ப்பதில்லை. செருகுகிறோம் அல்லது தொட்டுக் காட்டுகிறோம். இருப்பினும் கருவியை ‘ஸ்வைப்பிங் மெஷின்’ என்றே அழைக்கிறோம். பெயர் பழக்கத்தைவிட நீண்ட ஆயுள் கொண்டது போலும்.

கையொப்பத்திற்கு ஒரு நற்பண்பு இருந்தது. அது காகிதத்தில் தங்கிவிடும். ‘இது நான் இட்டதன்று’ என்று வாடிக்கையாளர் கூறினால், கடையிலிருந்து சீட்டை வரவழைத்துக் கண்ணால் பார்க்கலாம். வேறுபாடு வெளிப்படையாகத் தெரிந்தால், ஒப்பிடாமல் சரக்கைக் கொடுத்த தரப்பு பதில் சொல்ல நேரிடும். அதே வேளையில் அதன் குறை மிகப் பெரியது. திருடுபவனுக்கு எந்தக் கையொப்பத்தை இடவேண்டும் என்ற மாதிரியே அட்டையின் முதுகில் எழுதப்பட்டிருந்தது! கூட்டம் நிறைந்த கடையில் ஒப்பிட்டுப் பார்த்தவர்களும் அரிது. தமிழில் கையொப்பமிடும் ஒருவர் கொல்கத்தாவில் புடவை வாங்கினால், அந்த வளைவுகளைக் கடைக்காரர் எவ்வாறு சரிபார்த்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கலாம்.

பின் எண்ணின் பிறப்பு கடையில் நிகழவில்லை; பணம் வழங்கும் இயந்திரத்தில் நிகழ்ந்தது. 1967-இல் இலண்டனின் புறநகரான என்ஃபீல்டில் வைக்கப்பட்ட இயந்திரத்தின் பின்னணியில் இருந்தவர் ஜான் ஷெப்பர்ட்-பேரன். அவர் பிறந்த ஊர் நம் நாட்டின் ஷில்லாங் என்பது பலருக்கு வியப்பளிக்கும். ஆறு இலக்கம் வைக்க எண்ணியதாகவும், தம் மனைவியால் நான்கு இலக்கத்தையே எளிதில் நினைவில் கொள்ள முடிந்ததால் நான்காகக் குறைத்ததாகவும் அவர் பின்னாளில் கூறியுள்ளார். அதே காலத்தில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் குட்ஃபெல்லோ ரகசிய எண் முறைக்குக் காப்புரிமை பெற்றார். எனவே இக்கண்டுபிடிப்பின் பெருமை யாருக்கு என்பதில் இரு தரப்பு உண்டு. எவ்வாறாயினும் நான்கு இலக்கம் நிலைத்துவிட்டது.

இந்தியாவில் பற்று அட்டை, அதாவது டெபிட் கார்டு, கடைகளில் பல ஆண்டுகள் கையொப்பத்தின் பேரிலேயே ஏற்கப்பட்டது. இந்திய ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி 2013 டிசம்பர் 1 முதல் கடைகளில் பற்று அட்டைப் பரிவர்த்தனை ஒவ்வொன்றுக்கும் பின் எண் கட்டாயமாயிற்று. அடுத்த படியாக, புதிதாக வழங்கப்படும் அட்டைகள் சிப்பும் பின் எண்ணும் உடையனவாக இருக்கவேண்டும் என்ற ஆணை 2015 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. பழைய காந்தப் பட்டை அட்டைகளை மாற்றித் தர 2018 டிசம்பர் 31 வரை அவகாசம் அளிக்கப்பட்டது. அந்நாட்களில் கிளைகளில் நின்ற வரிசை பலருக்கு நினைவிருக்கும். பிரிட்டனில் இம்மாற்றம் 2006-ஆம் ஆண்டு பிப்ரவரியிலேயே நிறைவுற்றது. அமெரிக்காவோ வேறு வழியில் சென்றது. அங்கே 2018 ஏப்ரலில் பெரிய அட்டை நிறுவனங்கள் கையொப்பத்தைக் கட்டாயமில்லை என்று ஆக்கின; ஆனால் அதன் இடத்தில் பின் எண்ணைக் கட்டாயமாக்கவில்லை.

சிப்பு எதற்கு, பின் எண் எதற்கு என்பதைப் பலர் குழப்பிக்கொள்கின்றனர். இரண்டும் இரு வேறு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன. ‘இந்த அட்டை உண்மையானதா?’ என்பதற்குச் சிப்பு விடை தருகிறது. ‘அட்டையை நீட்டுபவர் அதற்கு உரியவர்தானா?’ என்பதற்குப் பின் எண் விடை தருகிறது.

காந்தப் பட்டையில் உள்ள தகவல் என்றும் மாறாதது. அதனை ஒரு சிறு கருவியால் ஒருமுறை படித்துவிட்டால் அப்படியே வேறொரு அட்டையில் ஏற்றிவிடலாம். பெட்ரோல் நிலையங்களிலும் உணவகங்களிலும் அட்டையைக் கண்மறைவாகக் கொண்டுசென்று நகலெடுத்த மோசடிகள் இவ்வாறு நிகழ்ந்தவையே. சிப்பு அவ்வாறன்று. அதனுள் வெளியே எடுக்க இயலாத ஒரு ரகசியத் திறவுகோல் உண்டு. ஒவ்வொரு முறையும் தொகை, தேதி, வரிசை எண் முதலியவற்றை அத்திறவுகோலால் பிணைத்து ஒரு புதிய குறியீட்டை அது உருவாக்கி வங்கிக்கு அனுப்பும். நேற்றைய குறியீட்டைத் திருடியவனுக்கு இன்று அது பயன்படாது. சிப்புள்ள அட்டையைப் பழக்கதோஷத்தால் தேய்த்தால், ‘சிப்பைச் செருகுக’ என்று கருவி மறுப்பதும் இதனால்தான்.

வாடிக்கையாளர் அழுத்தும் நான்கு இலக்கம் கடைக்காரரின் கணினிக்குப் போகிறதோ என்ற அச்சம் சிலருக்கு உண்டு. போவதில்லை. விசைப்பலகைக்குள்ளேயே அது மறைகுறியாக்கப்படுகிறது. திரையில் விண்மீன் குறிகள் மட்டுமே தோன்றும். கருவியை யாரேனும் திறக்க முயன்றால் உள்ளிருக்கும் திறவுகோல்கள் அழிந்துபோகுமாறு அமைத்துள்ளனர். மறைகுறியாக்கப்பட்ட எண், அட்டை வழங்கிய வங்கியின் பாதுகாப்புக் கருவிக்குள்தான் சரிபார்க்கப்படுகிறது. அதனை எந்த அதிகாரியும் திரையில் காண இயலாது. ‘பின் மறந்துவிட்டது, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்’ என்று கிளைக்கு வருவோரிடம் நாம் கைவிரிப்பது மனமின்மையால் அன்று. பார்ப்பதற்கு நம்மிடம் ஏதுமில்லை. புதிதாக ஒன்றை அமைத்துக்கொள்ளத்தான் வழி உண்டு. பின் எண்ணைக் கேட்டு எவரேனும் வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறினால் அது பொய் என்பதற்கும் இதுவே சான்று.

இனி, முக்கியமான இடத்திற்கு வருவோம்.

கையொப்பம் இட்டவர் யார் என்பதைக் காகிதம் ஓரளவு சொல்லும். பின் எண்ணை அழுத்தியது யாருடைய விரல் என்பதை எந்தக் கருவியும் சொல்லாது. சரியான எண் வந்தது என்று மட்டுமே பதிவாகும். ஆகவே ‘சரியான எண்’ என்பது ‘உரியவர்’ என்பதற்கு நிகராகக் கொள்ளப்படுகிறது. பாதுகாப்பு கூடியது உண்மை. அதனோடு காக்கவேண்டிய கடமையின் பெரும்பகுதி கடைக்காரரின் கண்ணிலிருந்து வாடிக்கையாளரின் நினைவுக்கும் வாய்க்கும் இடம்பெயர்ந்தது என்பதும் உண்மை. இதை வங்கிகள் போதிய அளவு எடுத்துச் சொல்லியதாக நாம் கருதவில்லை.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை இப்பொறுப்பை வகுத்துரைக்கிறது. அது இணையப் பரிவர்த்தனைக்கு மட்டுமன்றிக் கடைகளில் நேரில் செய்யும் அட்டைப் பரிவர்த்தனைக்கும் பொருந்தும். வங்கியின் குறைபாட்டால் இழப்பு நேர்ந்தால் வாடிக்கையாளர் எப்போது சொன்னாலும் அவருக்குப் பொறுப்பில்லை. குறை வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, இடையில் வேறெங்கோ நேர்ந்தது என்றால், குறுஞ்செய்தி முதலிய அறிவிப்பு கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் முழுப் பாதுகாப்பு உண்டு. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் பொறுப்பு ஒரு வரம்புக்கு உட்பட்டது. சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அவ்வரம்பு 10,000 ரூபாய், அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000 ரூபாய். ஏழு நாட்களைக் கடந்தால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படியே முடிவாகும். புகார் கிடைத்த பத்து வேலை நாட்களுக்குள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்கவேண்டும். தொண்ணூறு நாட்களுக்குள் தீர்க்கவேண்டும். வாடிக்கையாளரே பொறுப்பு என்று வாதிட்டால் அதனை மெய்ப்பிக்கும் சுமை வங்கியின் மேலேயே உள்ளது.

இத்தனைக்கும் ஒரு விலக்கு உண்டு. பின் எண் போன்ற விவரங்களைப் பிறரிடம் பகிர்ந்தமை போன்ற வாடிக்கையாளரின் கவனக்குறைவால் இழப்பு நேர்ந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் நேரம் வரையிலான முழு இழப்பும் அவருடையதே. தெரிவித்த பிறகு நேர்வதெல்லாம் வங்கியைச் சேரும். ஆகையால் அட்டை தொலைந்தால் வீடு முழுதும் தேடிவிட்டுப் பிறகு சொல்லலாம் என்று காத்திருப்பது, அந்த மணிநேரங்களின் அபாயத்தைத் தாமே விலைகொடுத்து வாங்குவதாகும். முதலில் அட்டையை நிறுத்தி வைத்துவிட்டுப் பின்னர் தேடலாம். கைப்பேசிச் செயலியிலேயே தற்காலிகமாக முடக்கவும் மீண்டும் இயக்கவும் வசதி உள்ளது.

‘பகிர்ந்தமை’ என்ற சொல்லுக்குள் குடும்பத்தினரும் அடங்குவர் என்பதைப் பலர் ஏற்க மறுக்கின்றனர். 2013 நவம்பரில் பெங்களூரில் மகப்பேறு விடுப்பில் இருந்த பெண்மணி ஒருவர், தம் அட்டையையும் பின் எண்ணையும் கணவரிடம் கொடுத்து 25,000 ரூபாய் எடுத்துவரச் சொன்னார். ஏ.டி.எம். சீட்டு வந்தது, பணம் வரவில்லை. வழக்கு நுகர்வோர் மன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நடந்து 2018 மே மாதம் தள்ளுபடியாயிற்று. அட்டையையும் பின் எண்ணையும் மாற்றித் தரக்கூடாது என்ற விதி மீறப்பட்டமை அம்மணிக்கு எதிராக நின்றது. கைக்குழந்தையோடு இருப்பவர் கணவரை அனுப்பாமல் வேறு யாரை அனுப்புவார் என்று கேட்கத் தோன்றும், நமக்கும் தோன்றியது. ஆயினும் சட்டத்தின் பார்வை அதுவாக இருக்கும்போது, அதற்கேற்ப ஏற்பாடு செய்துகொள்வதே தக்கது. இருவரில் எவரும் இயக்கத்தக்க கூட்டுக் கணக்காக இருந்தால் ஒவ்வொருவரும் தனித்தனி அட்டை பெறலாம். கடன் அட்டைக்குத் துணை அட்டை உண்டு. எழுபது வயதைக் கடந்தோரும் மாற்றுத்திறனாளிகளும் பணத்தை வீட்டிற்கே வரவழைக்கும் சேவையைக் கேட்டறியலாம். பேரனிடம் அட்டையையும் எண்ணையும் கொடுத்தனுப்பும் ஓய்வூதியர்கள் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நலம்.

கடைமுனையில் நடப்பதைச் சற்று விரிவாகப் பார்க்கவேண்டும். உணவகத்தில் பரிமாறுபவர் அட்டையை வாங்கிக்கொண்டு, ‘பின் சொல்லுங்கள் சார், நான் போட்டு எடுத்து வருகிறேன்’ என்கிறார். பெட்ரோல் நிலையத்தில் வண்டியிலிருந்து இறங்காமலே எண்ணைச் சன்னல் வழியே உரக்கச் சொல்கிறோம். பின்னால் நிற்கும் வண்டிக்காரருக்கும் கேட்கிறது. இவற்றில் பெரும்பாலும் தீய எண்ணம் இருப்பதில்லை. வேகமும் பழக்கமுமே காரணம். ஆனால் சொல்லப்பட்ட எண் பகிரப்பட்ட எண்ணாகிவிடுகிறது. கம்பியில்லாக் கருவிகள் பரவிவிட்ட இக்காலத்தில் கருவியை மேசைக்கோ வண்டிக்கோ கொண்டுவரச் சொல்வதில் தவறேதுமில்லை. அது முடியாதென்றால் நாம் எழுந்து சென்று அழுத்தவேண்டியதுதான்.

விசைப்பலகையை ஒரு கையால் மறைத்து அழுத்துமாறு வங்கிகள் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. கடைப்பிடிப்போர் குறைவு. அறியாமையால் அன்று, கூச்சத்தால். பல ஆண்டுகளாகப் பழகிய மளிகைக் கடைக்காரர் எதிரில் கையால் மறைத்தால் அவரைச் சந்தேகிப்பதாக ஆகிவிடுமோ என்ற தயக்கம் நம் மண்ணில் இயல்பானது. நல்ல கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். திருப்பிக்கொள்ளாதவரிடம் கூச்சப்படத் தேவையுமில்லை. மேலே கண்காணிப்புக் கேமரா இருக்கும் கடையில் கடைக்காரரின் நேர்மை மட்டும் போதாது என்பதையும் கருதவேண்டும்.

எண்ணை அழுத்துமுன் திரையில் தொகையைப் பார்ப்பது அதைவிடவும் அவசியம். பின் எண் என்பது அங்கே காட்டப்படும் தொகைக்கான ஒப்புதல். 850-க்குப் பதில் 8,500 என்று தட்டச்சாகி, நாமும் அழுத்திவிட்டால், அது மோசடி அன்று; கணக்கில் முறைப்படி ஒப்புதல் பெற்ற பரிவர்த்தனை. அன்றே கவனித்துவிட்டால் கடைக்காரர் அக்கருவியிலேயே அதனை ரத்து செய்ய இயலும். அன்றைய கணக்கு முடிந்துவிட்டால் அவர் தனியே பணத்தைத் திருப்பியனுப்ப வேண்டும்; அதற்குச் சில நாட்கள் பிடிக்கும்.

கணக்கில் பணம் கழிந்து, கடையில் சீட்டு வராமல் போவதும் உண்டு. இதற்கு 2019-இல் ரிசர்வ் வங்கி காலக்கெடு விதித்துள்ளது. பரிவர்த்தனை நாளுக்குப் பின் ஐந்து நாட்களுக்குள் பணம் தானாகவே திரும்பவேண்டும். தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. வாடிக்கையாளர் கேட்காவிட்டாலும் இது தரப்பட வேண்டியது. அந்நேரம் கடைக்காரர் மீண்டும் அட்டையைக் கேட்டால், ‘பரிவர்த்தனை தோல்வி’ என்ற சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, பணம் திரும்ப வராவிடில் கிளையில் காட்டலாம். பற்று அட்டைக்கு இரண்டு விழுக்காடு கூடுதல் கேட்கும் கடைகளையும் இங்கே சொல்லிவிடலாம். கடை தன் வங்கிக்குச் செலுத்தும் கட்டணத்தைப் பற்று அட்டை வாடிக்கையாளர் மீது ஏற்ற அனுமதியில்லை. ரூபே பற்று அட்டைக்கோ 2020 ஜனவரி முதல் அக்கட்டணமே கிடையாது.

எந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பது? நான்கு இலக்கத்தில் பத்தாயிரம் எண்கள் உள. மூன்று முறை தவறினால் அட்டை முடங்கிவிடும் என்பதால், குருட்டாம்போக்கில் முயல்பவனுக்கு வாய்ப்பு பத்தாயிரத்தில் மூன்றே. ஆனால் பிறந்த ஆண்டையே எண்ணாக வைத்தால் இக்கணக்கு முழுதும் பயனற்றுப்போகும். தொலைந்த பணப்பையில் அட்டையோடு ஓட்டுநர் உரிமமும் இருக்கிறது. அதில் பிறந்த தேதி அச்சிடப்பட்டுள்ளது. வண்டி எண், கைப்பேசியின் இறுதி நான்கு இலக்கம் ஆகியவையும் அவ்வாறே. அட்டையைப் போட்டு வைத்திருக்கும் காகித உறையில் எண்ணை எழுதி வைப்பவர்களை நாம் வாரந்தோறும் காண்கிறோம். யு.பி.ஐ. செயலிக்கும் அட்டைக்கும் ஒரே எண் வைப்பதையும் தவிர்க்கலாம். யு.பி.ஐ. முறையில் எண்ணை அழுத்துவது கடையின் கருவியில் அன்று, நம் கைப்பேசியில். அந்த அளவில் அது மேல்.

பார்வைக் குறைபாடுள்ளோர்க்கு விசைப்பலகையின் ஐந்தாம் எண்ணில் ஒரு சிறு புள்ளி புடைப்பாக இருக்கும். அதை வைத்து மற்ற எண்களை விரல் கண்டுகொள்ளும். அண்மையில் பரவிவரும் தொடுதிரைக் கருவிகளில் கண்ணாடிப் பரப்பே உள்ளதால் அவ்வாறு தடவி அறிய இயலவில்லை. வேறு வழியின்றி அவர்கள் எண்ணைக் கடைக்காரரிடம் சொல்லவேண்டிய நிலை ஏற்படுகிறது. ஒரு விதி பகிராதே என்கிறது. ஒரு கருவி பகிரச் செய்கிறது. கருவி தயாரிப்போரும் அவற்றைக் கடைகளுக்கு அளிக்கும் வங்கிகளும் தீர்க்கவேண்டிய முரண் இது. அதுவரை, விசையுள்ள கருவியைக் கேட்டுப் பெறுவதோ, தம் கைப்பேசியின் குரல்வழித் துணையோடு யு.பி.ஐ. முறையில் செலுத்துவதோ அவர்களுக்கு ஏற்றது.

தொட்டுக் காட்டிச் செலுத்தும் முறையில் கையொப்பமும் இல்லை, பின் எண்ணும் இல்லை. 2015-இல் 2,000 ரூபாய் வரை அனுமதிக்கப்பட்ட இம்முறைக்கு 2021 ஜனவரி 1 முதல் வரம்பு 5,000 ரூபாய். அதற்கு மேல் பின் எண் வேண்டும். 2020 அக்டோபர் முதல் வழங்கப்படும் அட்டைகளில் இவ்வசதியும், வெளிநாட்டுப் பயன்பாடும், இணையப் பயன்பாடும் தொடக்கத்தில் முடக்கப்பட்டே வருகின்றன. வேண்டியவர் இயக்கிக்கொள்ளலாம், தம் வரம்பையும் தாமே குறைத்துக்கொள்ளலாம். காய்கறிக்கும் மருந்துக்கும் 1,000 ரூபாய் போதும் என்பவர் 5,000-ஐத் திறந்து வைத்திருக்க வேண்டியதில்லை.

மோசடி என்று தெரிந்தவுடன் வங்கியின் எண்ணையும், 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணையும் அழைக்கலாம். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளவேண்டும்; மூன்று நாள், ஏழு நாள் என்னும் கணக்கெல்லாம் அதிலிருந்தே மெய்ப்பிக்கப்படும். முப்பது நாட்களுக்குள் வங்கி பதில் தராவிடினும், தந்த பதில் நிறைவளிக்காவிடினும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரைக் கட்டணமின்றி நாடலாம்.

‘அப்படியானால் அட்டையின் பின்புறத்தில் இன்னும் கையொப்பமிட வேண்டுமா?’ என்று கேட்போர் உண்டு. அந்த வெள்ளைப் பட்டை இருக்கும் அட்டையில் இடுவதே முறை; பின் எண் வழக்கமில்லாத நாடுகளில் கடைக்காரர் சீட்டை நீட்டிக் கையொப்பம் கேட்கக்கூடும். புதிதாக வரும் சில அட்டைகளில் அப்பட்டையே இல்லை.